மோர்மன் ஆலயத் தோட்டத்தில் அம்மாவிடம் கேட்ட அனுமதி

2007 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அம்மாவும் நானும் நியூசப்பலுக்குப் போய் வந்தோம். லண்டனுக்குத் தெற்கே, சரே பகுதியில், வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய இடம் அது. அங்கே மோர்மன்களின் ஆலயம் இருக்கிறது. எல்லோரும் அதை லண்டன் ஆலயம் என்கிறார்கள், ஆனால் லண்டன் முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் அது வரும். புறப்படுவதற்கு முன் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது மோர்மன் ஆகியிருந்தாலும், அல்லது சும்மா ஓர் ஆவலில் பார்க்க நினைத்தாலும், இது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஆனவர் என் அக்கா ரெஜினா. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். அப்பா அங்கேயே காலமாகிவிட்டார். அதன் பிறகு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். அம்மாவும் நானும் மிச்சத்தில் இருக்கிறோம். (மிச்சம் என்பது ஊரின் பெயர்தான். மீதி என்று நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.) நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, சொந்தக்காரர் ஒருவரின் கடையில் நிற்கிறேன். அக்கா பக்கத்தில் கோலியர்ஸ் வுட்டில் அறை எடுத்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு இளம் பெண்கள் அவருடைய கதவைத் தட்டினார்கள். ஆறு மாதத்தில் அக்கா அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார். அம்மா ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக் கதைக்கத் தொடங்கினார். சாப்பிட்டாயா, வேலை எப்படி, அதோடு சரி.

அந்த ஜூன் மாதம் அக்கா தொலைபேசியில் ஒன்றைக் கேட்டார். இறந்துபோன அப்பாவுக்காகத் தங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் செய்விக்க வேண்டும், அதற்கு அம்மா சம்மதிக்க வேண்டும். மோர்மன்கள் அப்படிச் செய்வார்கள். உயிரோடிருக்கும் ஒருவர், இறந்தவரின் பெயரில் தண்ணீருக்குள் இறங்குவார். இறந்தவர் அண்மைக் காலத்தவர் என்றால், மிக நெருங்கிய உறவினர் அனுமதி கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அப்பாவுக்கு அந்த உறவினர் அம்மா.

அம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போய்விட்டார்.

"வந்து இடத்தையாவது ஒருக்காப் பாக்கச் சொல்லு," என்றார் அக்கா. "பாத்திட்டு ஓமோ இல்லையோ சொல்லட்டும்."

அம்மா இல்லை என்றுதான் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். என்னுடைய பயம் வேறு. அந்த 'இல்லை'யோடு இரண்டு பேரும் மறுபடி கதைக்காமல் விட்டுவிடுவார்களோ என்பதுதான். அதனால்தான், புது ஆட்களைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் நான், 'நானும் வாறன் அம்மா, வாங்கோ' என்று சொல்லி அவரைக் கிளப்பினேன்.

போகிறோம் என்று தெரிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கீழ்வீட்டில் சரோஜா ஆன்ட்டி இருக்கிறார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே கணக்காளராகிவிட்டவர். படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மோர்மனா? நாலஞ்சு பொண்டாட்டி கட்டுவாங்களே, அவங்கதானே?"

"அதை நூறு வருஷத்துக்கு முன்னமே விட்டுட்டினம், ஆன்ட்டி."

"ஆமாவா? அதான் பார்த்தேன். என் ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். ஒரே பொண்டாட்டி, அதுக்கே அஞ்சு மணி ஆனா வீட்டுக்கு ஓடுறான். கிறிஸ்மஸ் பார்ட்டியில ஜூஸ்தான் லா குடிப்பான். போர் அடிக்கிற மனுஷன். ஆனா என் கார் நின்னுபோன அன்னிக்கு மழையில வந்து தள்ளினவன் அவன் ஒருத்தன்தான்."

கோயிலில் அம்மாவின் கூட்டாளிகளுக்கு, அக்கா 'வேதம் மாறினவள்', அவ்வளவுதான். எங்கள் பங்குத்தந்தை மட்டும் அமைதியாகப் பேசினார். அவர்களுடைய ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஏற்பதில்லை, நம்முடையதை அவர்களும் ஏற்பதில்லை, அதற்காக மகளோடு கோபப்படத் தேவையில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அம்மா வீடு வரும்வரை முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பு மிச்சத்தில் ட்ராம் ஏறினோம். ஈஸ்ட் குரோய்டனுக்கு இருபது நிமிடம். அங்கே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் போகும் ரயிலைப் பிடித்து லிங்ஃபீல்டில் இறங்க வேண்டும். அது அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதல். குரோய்டனிலிருந்து ரிட்டேர்ன் டிக்கெட் ஆளுக்கு ஆறு பவுண் சொச்சம். அம்மா மஞ்சள் நிறச் சேலை கட்டியிருந்தார். மடியில் ஒரு பை. அதற்குள் இஞ்சி போட்ட தேநீர் ஒரு ஃபிளாஸ்க், மீன் றோல்ஸ், குடை, செபமாலை.

அக்கா சொன்னவற்றையும் நூலகத்தில் நானாக வாசித்தவற்றையும் ரயிலில் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன், எந்தச் சபை சரியானது என்று தெரியாமல் காட்டுக்குள் போய்ச் செபித்தானாம். பிதாவும் சுதனும் அவனுக்குக் காட்சி கொடுத்து, இருக்கும் எதிலும் சேராதே என்றார்களாம். பிறகு ஒரு சம்மனசு (தேவதூதர்) காட்டிய இடத்தில் பொன் தகடுகள் கிடைத்தன, அவற்றிலிருந்து வந்தது மோர்மன் நூல் என்ற அவர்களுடைய இன்னொரு வேதநூல். பைபிளையும் அதையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். மோர்மன் என்ற பெயரே அந்த நூலிலிருந்து மற்றவர்கள் வைத்தது.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே கடவுளில் மூன்று ஆட்கள் என்று நாங்கள் சொல்வதை அவர்கள் சொல்வதில்லை. மற்றச் சபைகளில் பலர் இவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லத் தயங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அவர்களோ தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள், இல்லை என்றால் மனம் நோகிறார்கள். ஊர்ச் சபைகளில் சம்பளம் வாங்கும் குருக்கள் இல்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். மது, புகையிலை, கோப்பி, தேநீர் நான்கும் கூடாது. குடும்பம் சாவோடு முடிவதில்லை. ஆலயத்தில் இணைத்துவைக்கப்பட்டவர்கள் மறுமையிலும் கணவன், மனைவி, பிள்ளைகளாகவே இருப்பார்கள். அக்காவைப் பிடித்து இழுத்தது இந்தக் கடைசி விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

"அப்ப நரகம்?" என்று அம்மா கேட்டார்.

"எங்களுக்கு இருக்கிற மாதிரிப் பெரிசா இல்லை, அம்மா. மோட்சம் மூண்டு தட்டாம்."

"மூண்டு தட்டோ? கவுன்சில் ஃபிளாட் மாடி மாதிரி." அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சிறிது யோசித்தார். "எங்களை எதில வைப்பினம்?"

"நல்ல ஆக்கள், ஆனா மோர்மன் இல்லாட்டி நடுத்தட்டு எண்டு வாசிச்சனான்."

"லிஃப்ட் வேலை செய்யுமோ எண்டும் வாசிச்சுப் பாத்திருக்கலாமே."

ஊல்டிங்ஹாம் தாண்டியதும் ஒரு நீண்ட சுரங்கம் வருகிறது. காது அடைக்கும். அது முடிந்து வெளியே வந்தால் வேறு நாடு மாதிரி இருக்கிறது. செம்மறியாடுகள், ஓக் மரங்கள், ஆளில்லாத சின்னச் சின்ன ஸ்டேஷன்கள்.

லிங்ஃபீல்டில் நிறையப் பேர் இறங்கினார்கள். தலையில் இறகு குத்திய பெண்கள், கோட் போட்ட ஆண்கள். அங்கே குதிரைப் பந்தய மைதானம் இருப்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்ற டாக்சிக்காரர், வயதான ஆங்கிலேயர், அம்மாவின் மஞ்சள் சேலையைப் பார்த்துவிட்டு "ரேசுக்கா?" என்று கேட்டார். நான் ஆலயம் என்றதும் அம்மாவை இன்னொரு தரம் பார்த்தார். மூன்று மைல் தூரம்தான், எட்டு பவுண் வாங்கினார். போகிற வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு அவர்களுடைய கதை ஒன்றும் நம்பிக்கை இல்லை. தங்கத் தகடாம். ஆனால் முப்பது வருடமாக ஏற்றி இறக்குகிறேன், ஒருவர்கூட என் வண்டிக்குள் வாந்தி எடுத்ததில்லை. ரேஸ் முடிந்து வருகிறவர்களை ஏற்றிப் பாருங்கள், தெரியும். இங்கே பப் நடத்துகிறவன்தான் பாவம். பக்கத்தில் இத்தனை பேர் வந்து போகிறார்கள், ஒரு கிளாஸ் பியர் விற்க முடியவில்லை."

அம்மாவுக்குக் கடை ஆங்கிலம் விளங்கும், இவருடைய ஆங்கிலம் விளங்காது. நான் மொழிபெயர்த்ததும், "குடியாத ஆம்பிளையளோ? அது நல்ல விசயம்தானே," என்றார். அன்று மோர்மன்களைப் பற்றி அம்மா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஆலயம் வெளிர்நிறக் கல்லில் கட்டியது. மெல்லிய ஒற்றைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரியும். சுற்றிவரப் பெரிய புல்வெளி, பூப்பாத்திகள், ஒரு குளம், அதில் வாத்துகள். அம்மா நெற்றிக்குக் கை கொண்டுபோய், சிலுவை அடையாளம் போடாமல் நிறுத்திக்கொண்டார்.

"சிலுவை எங்க?"

"இவை சிலுவை வைக்கிறேல்லை அம்மா. உயிர்த்த ஆண்டவரைத்தான் நினைக்கிறவையாம்."

அம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் இல்லாத அந்த நுனியைப் பார்த்தே சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆலயத்துக்குள் நம்மைப் போன்றவர்கள் போக முடியாது. மோர்மன்களிலும் எல்லோரும் போக முடியாது, ஊர்ச் சபைத் தலைவர் விசாரித்து அனுமதிச் சீட்டுக் கொடுத்தவர்கள் மட்டும்தான். ஞாயிறு வழிபாடு நடக்கும் சாதாரணக் கட்டடங்களுக்கு யாரும் போகலாம். ஆலயம் அப்படியல்ல. இதனால்தான் வெளியே பலர் 'ரகசியம்' என்று பேசுகிறார்கள். அக்கா அதை 'பரிசுத்தம்' என்பார். தன் சபை ஆட்களோடு முன்பே வந்து வாசலில் நின்ற அக்கா, தனக்கு உள்ளே ஒன்றரை மணித்தியாலம் ஆகும், யாரோ முன்பின் தெரியாத இறந்த பெண்களுக்காகத் தண்ணீரில் இறங்கப் போகிறேன் என்று சொல்லி, எங்களைப் பார்வையாளர் நிலையத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார். அம்மாவைக் கட்டிப்பிடிக்க வந்தவர், பாதியில் கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

பார்வையாளர் நிலையத்தில் எங்களைக் கவனித்துக்கொண்டவர் இருபத்திரண்டு வயதுள்ள ஓர் அமெரிக்கப் பெண். உருளைக்கிழங்கு விளையும் ஊரிலிருந்து வந்தவராம். நீளப் பாவாடை, சட்டையில் கறுப்புப் பெயரட்டை, அதில் 'சிஸ்டர்' என்று தொடங்கும் பெயர். அம்மா அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தார். உடனே எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

"தோத்திரம் சிஸ்டர்."

அந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாமல் தலையைக் குனிந்தார். அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. "என்ன வடிவான பிள்ளை. எப்ப நித்திய வார்த்தைப்பாடு எண்டு கேள்," என்றார்.

கன்னியாஸ்திரிகள் வாழ்நாளுக்கும் எடுக்கும் சபதம்தான் அந்த வார்த்தைப்பாடு, அதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. இந்தப் பணியில் எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று கேட்டேன். மொத்தம் பதினெட்டு மாதம், சித்திரையில் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். பிறகு? பிறகு படிப்பு, கல்யாணம், ஆண்டவர் தந்தால் ஆறு பிள்ளைகள்.

"ஆறு பிள்ளையோ? சிஸ்டருக்கோ?"

"இவை கன்னியாஸ்திரி இல்லை அம்மா," என்று காதுக்குள் சொன்னேன். "எல்லாப் பொம்பிளையளையும் சிஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது. அக்காவையும்."

"ரெஜினாவும் சிஸ்டரோ?"

"ஓம்."

"அவளை மடத்துக்கு விடவேணுமெண்டு அப்பாவுக்குப் பெரிய ஆசை. இப்பிடிச் சிஸ்டர் ஆவாள் எண்டு ஆர் கண்டது."

பிறகு அம்மா ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் நெஞ்சில் கை வைத்து, நன்றி, ஆனால் நான் குடிப்பதில்லை என்றார். அம்மாவின் கை அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன ஆட்களைப் பற்றி வருடக்கணக்காகக் கதை நடக்கும். விதியை நான் ரயிலிலேயே சொல்லியிருந்தாலும், நேரில் வரும்போது அது வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடியைக் கையில் வாங்கி, ஆவியை மட்டும் ஆழமாக முகர்ந்தார். "இஞ்சியா? நான் குடிக்கக் கூடாத எல்லாவற்றிலும் இதுதான் நல்ல வாசனை," என்றார். நான் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். அந்தத் தேநீரை நான் குடித்தேன்.

அவர் படங்களைக் காட்டி விளக்கினார். ஆலயத்துக்குள் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி, பன்னிரண்டு மாட்டுச் சிலைகளின் முதுகில் நிற்கிறது. அம்மாவுக்கு அந்த மாடுகள் பிடித்திருந்தன. எங்கள் அப்பா இறந்துவிட்டார் என்றும், அக்கா அனுமதி கேட்டிருக்கிறார் என்றும் தெரிந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, இறந்தவர்கள் ஆவிகளின் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தொடங்கினார். இந்தச் சபையின் ஞானஸ்நானம் பெறாமல் போனவர்கள் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்பிரிட் பிரிசன்'. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் தமிழில் சொல்லிவிட்டேன்.

"ஆவியளின்ர மறியல் எண்டு சொல்லுறா அம்மா. அப்பா இப்ப அங்க காத்துக்கொண்டு இருக்கிறாராம்."

பிரிசன், அதாவது சிறை, என்றால் எங்கள் ஊரில் மறியல். எனக்கு வேறு சொல் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. யுத்த காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போன அப்பாவைப் படையினர் வழியில் பிடித்துக்கொண்டுபோய், ஒரு குற்றமும் இல்லாமல் பல மாதங்கள் மறியலில் வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு இடமாக விசாரித்துத் திரிந்தார். வெளியே வந்தபின் அப்பா அதிக காலம் இருக்கவில்லை, நெஞ்சு வருத்தத்தில், இருதயம் நின்று, போய்விட்டார்.

அம்மா எழுந்தார். சத்தம் போடவில்லை.

"அவரை ஒருக்கா மறியல்ல வைச்சது காணாதோ?"

பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் பயந்துபோய், நான் என்ன சொன்னேன், அது நிஜச் சிறை மாதிரி இல்லை, காத்திருந்து கற்றுக்கொள்ளும் இடம் என்றுதான் சொல்ல வந்தேன் என்றார். எங்கள் அப்பா நிஜச் சிறையில் இருந்தவர் என்று மட்டும் எனக்குச் சொல்ல முடிந்தது. அவருடைய முகம் முழுக்கச் சிவந்தது. போ, அம்மாவிடம் போ என்று கையால் காட்டினார்.

அம்மா குளத்தங்கரையில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். இனி அக்கா வந்ததும் ஒரு 'இல்லை', பிறகு டாக்சி, பிறகு இன்னொரு வருடம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நேரத்துக்கு முன்பே ஓடிவந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி இது, தலை முழுக்க ஈரம்? உள்ளுக்குத் துவாய் இல்லையோ?"

"இருக்கு அம்மா. நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியள் எண்டு கெதியா வந்திட்டன்."

"நீர் கோத்துத் தடிமன் பிடிக்கும். இரு இதில."

அக்கா புல்லில் இருந்தார். அம்மா முந்தானையால் அவருடைய தலையைத் துவட்டத் தொடங்கினார், கொஞ்சம் கோபமாகவே. நான் நடந்ததை ஒரே மூச்சில் அக்காவிடம் சொன்னேன்.

"மறியல் எண்டோ சொன்னனீ?"

"பிரிசன் எண்டுதானே அவா சொன்னவா."

"சொல் அதுதான், ஆனா..." அக்காவால் திரும்ப முடியவில்லை, தலை அம்மாவின் கையில் இருந்தது. "அம்மா, அது மறியல் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம் மாதிரி."

அம்மாவின் கை நின்றது. செத்தவர்கள் மோட்சம் போவதற்கு முன் காத்திருந்து சுத்தமாகும் இடம் என்று நாங்கள் நம்புவது அது.

"அதை அப்பிடிச் சொல்லியிருக்கலாமே." மறுபடி துவட்டினார். "உத்தரிக்கிற ஸ்தலமெண்டா அதுக்கு நான் வருஷா வருஷம் பூசை ஒப்புக்குடுக்கிறன். கார்த்திகை முழுக்கச் செபமாலை சொல்லுறன். நீ என்ன புதுசாச் செய்யப்போறாய்?"

"புதுசா ஒண்டுமில்லை. நீங்கள் செபமாலை சொல்லுறியள். நாங்கள் தண்ணிக்க இறங்கிறம்."

"அப்பாவுக்கு நீயோ இறங்குவாய்?"

"இல்லை, ஆம்பிளைக்கு ஆம்பிளைதான். எங்கட சேர்ச்சில ஒரு ஸ்கொட்லாந்துப் பெடியன் ஓம் எண்டவன்."

"எப்பிடி ஆள்?"

"நல்ல பெடியன். உயரம். செம்பட்டைத் தலை."

"செம்பட்டைத் தலையன் ஒருத்தன் நான்தான் மன்னார் அந்தோனிப்பிள்ளை எண்டு தண்ணிக்க தாழப்போறானோ? மேல இருந்து பாத்தா அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கும்."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு அக்கா. சிரிப்பு முடிந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அப்பாவுக்கு விருப்பமில்லாட்டி அவர் ஏற்கத் தேவையில்லை அம்மா. அங்க அவரிட்டக் கேப்பினம். ஓம் எண்டும் சொல்லலாம், வேண்டாம் எண்டும் சொல்லலாம். ஒருத்தரும் வற்புறுத்தேலாது."

"அப்ப அவரைக் கேளாமல் நான் எப்பிடி ஓம் எண்டிறது?"

வாத்துகள் கரைக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

"நான் இருக்குமட்டும் ஏலாது ரெஜினா. அவர் ஞாயிறு தவறாமல் கோயில்ல பாட்டுப் படிச்ச மனுசன். மன்னாரில எடுத்த ஞானஸ்நானத்தோட போனவர். அதுக்கு மேல ஒண்டு வைக்க என்னால ஏலாது."

"சரி அம்மா," என்றார் அக்கா. குரல் மெலிந்துபோயிருந்தது. நான் பயந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அம்மா துவட்டுவதை நிறுத்தவில்லை.

"கேள். நான் போனாப் பிறகு அவருக்குக் கிட்டின சொந்தம் ஆர்?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அப்ப உங்கட விருப்பம். நான்தானே முதல் போவன். போய் அவரிட்டச் சொல்லிவைக்கிறன். ரெஜினா ஆள் அனுப்புவாள். வந்து கேட்டா மூஞ்சையை நீட்டாதேங்கோ, பிள்ளை ஆசைப்பட்டுச் செய்யிறது, ஓமோ இல்லையோ மரியாதையாச் சொல்லுங்கோ எண்டு."

அக்கா திரும்பி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"எழும்படி, சீலை ஈரமாகுது," என்றார் அம்மா. ஆனால் கையை அக்காவின் தலையிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு அந்தப் புல்லில் இருந்தே றோல்ஸ் சாப்பிட்டோம். அந்த அமெரிக்கப் பெண் ஒரு துவாயோடு தூரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார், கிட்ட வரலாமா என்று தெரியாமல். "சிஸ்டர், கம், ஈட்," என்று அம்மா ஆங்கிலத்தில் கூப்பிட்டார். அவர் இரண்டு றோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் கண்ணீர் விட்டு, மூன்றாவதையும் எடுத்தார்.

திரும்பும்போது அக்காவும் எங்களோடு மிச்சம் வரை வந்தார். மோர்மன்கள் சொல்வதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. பொன் தகடுகளை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் எங்கள் கோயிலில் நாங்கள் நம்புவதை அந்த டாக்சிக்காரரிடம் சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்றும் யோசித்துப் பார்த்தேன். செத்துப்போனவர்களை அப்படியே விட்டுவிட முடியாதவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலயம் ஞாயிறு, திங்களில் பூட்டு, சனிக்கிழமை போவது நல்லது. தோட்டத்துக்கும் பார்வையாளர் நிலையத்துக்கும் கட்டணம் இல்லை, வெளியே படம் எடுக்கலாம். லிங்ஃபீல்டில் இறங்கும்போதே டாக்சிக்காரரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவையுங்கள். ரேஸ் நாளில் பிறகு வண்டி கிடைக்காது. நடக்கலாம் என்று நினைக்காதீர்கள், பல இடங்களில் நடைபாதை இல்லை. அங்கே தேநீர், கோப்பி விற்பதில்லை, உங்களுடையதைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் குடித்தால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து கதைக்கலாமா என்று விலாசம் கேட்பார்கள். வேண்டாம் என்று ஒருதரம் சொன்னால் போதும், எங்களை மறுபடி கேட்கவில்லை. அவர்களுக்கு முன்னால் பல பெண்டாட்டிப் பகிடிகளை விடாதீர்கள், எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். யாருக்காவது மொழிபெயர்ப்பதாக இருந்தால், எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுங்கள்.

அக்கா இப்போதும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போகிறார். அன்று மாலையில் அம்மாவே தொலைபேசி எடுக்கிறார். "இண்டைக்கு ஆர் ஆருக்கு இறங்கினனீ?" என்று கேட்கிறார். அக்கா நினைவில் இருக்கும் பெயர்களைச் சொல்கிறார். பெரும்பாலும் எப்போதோ வேல்ஸிலும் யோர்க்ஷயரிலும் செத்துப்போன பெண்கள். அம்மா அவர்களைத் தன் செபமாலையின் முடிவில் சேர்த்துக்கொள்கிறார், மன்னார் உச்சரிப்பில். போன சனிக்கிழமை குவென் என்று ஒரு பெயர் வந்தது. செபமாலையை மடித்து வைத்த பிறகு அம்மா மறுபடி கையில் எடுத்தார்.

"அந்தக் குவெனுக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம் போல. முழந்தாளில நில் பிள்ளை, இன்னொரு அருள்நிறைந்த மரியே சொல்லுவம்."